கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல்: மண் சோதனை முதல் அடுத்த கவாத்து வரை

கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி பக்கம் புதிதாகத் திராட்சை போட நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற பழைய ரகம். அப்படியே தின்னவும், சாறு பிழியவும், வைன் போடவும் ஆகும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும், வசந்தத்தில் தானாகத் துளிர்க்கும். நம் மலையடிவாரத்தின் இதமான தட்பவெப்பத்தில் அந்த உறக்கம் கிடையாது. கொடி பன்னிரண்டு மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கும். எந்த நாளில் கவாத்து வெட்டுகிறோமோ, அதாவது முற்றிய குச்சிகளைக் கத்தரிக்கிறோமோ, அன்றிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் பழம் வரும். அதாவது இங்கே பூக்கும் காலத்தை வானம் முடிவு செய்வதில்லை, நாம் முடிவு செய்கிறோம். புதியவர்கள் இடறும் இடங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன: கொடியின் எலும்பு, அதாவது தண்டும் கிளையும், முற்றும் முன்பே பழம் பார்க்க அவசரப்படுவது, கவாத்துத் தேதியை மழையைப் பார்க்காமல் சந்தையைப் பார்த்து வைப்பது.

1. இடம், மண், தண்ணீர்

நிலத்தை வாங்கும் முன்னோ குத்தகைக்குப் பிடிக்கும் முன்னோ மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் (EC) 1 dS/m-க்குக் கீழே இருக்க வேண்டும். வடிகால் இல்லாத களிமண் வேண்டாம். வேர் நீரில் நின்றால் இலை மஞ்சளாகி, நீங்கள் போடும் உரம் எதுவும் ஏறாது.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலை ஒட்டிய கிணறுகளையும், மேட்டு நிலத்து ஆழ்துளைக் கிணறுகளையும் ஒன்றாக நினைக்காதீர்கள். மண் நன்றாக இருந்தும் தண்ணீர் உப்பாக இருந்தால், இரண்டு மூன்று வருடத்தில் மண்ணும் உப்பாகிவிடும். மண்ணை மட்டும் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர்.

வெயிலையும் பாருங்கள். மலையை மிக ஒட்டிய நிலத்தில் மேற்குச் சரிவின் நிழல் பிற்பகலிலேயே விழுந்துவிடும். வெயில் குறைந்த பந்தலில் மொட்டு பூவாக மாறாது. மேலே குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர், அங்கே குளிர்ச்சியாக இருக்கிறதே, திராட்சை போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். குளிர்ச்சியால் கெடுதல் இல்லை, நாள் முழுக்க ஈரமாக இருக்கும் இலையால்தான் கெடுதல். ஏலத்துக்கு உகந்த மூடுபனியும் தூறலும் திராட்சைக்கு நோய்.

2. குச்சி தேர்ந்தெடுத்தல்

நாற்று விற்பவரிடம் போகும் முன், நல்ல காய்ப்பு உள்ள தோட்டத்துக்காரரிடம் போய்க் கேளுங்கள். கவாத்தின்போது வெட்டிப் போடும் குச்சிகள்தான் நமக்கு விதை. அந்தத் தோட்டத்தில் காய் தொங்கும்போதே ஒருமுறை நடந்து பார்த்து, நிறைவாகக் காய்த்த கொடிகளில் துணி கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். இலை நன்றாக இருக்கும் கொடி எல்லாம் காய்க்கும் கொடி இல்லை.

பென்சில் பருமன், பழுப்பேறிய பட்டை, மூன்று நான்கு கணு இருக்கும் குச்சி போதும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கம் சாய்வாகவும் வெட்டுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க அந்தச் சாய்வே அடையாளம். பையில் வேர் பிடிக்கவைத்து, பிறகு வயலுக்குக் கொண்டு போகலாம்.

தண்ணீர் உப்புச் சாயலாக இருந்தாலோ, நிலத்தில் வேரைத் தாக்கும் நூற்புழு இருந்தாலோ, டாக்ரிட்ஜ் போன்ற வேர்க்குச்சியில் ஒட்டுக்கட்டிய கன்று வாங்குங்கள். செலவு கூடும், ஆனால் அந்த நிலத்தில் சொந்த வேர்க் கன்று நீடிக்காது.

3. குழி, கல்லுக்கால், நடவு: இந்த வரிசையில்தான்

ஜூன், ஜூலையில் நடவு. அதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாய்க்கால் போலக் குழி எடுக்க வேண்டும். அகலம் 60 செ.மீ., ஆழம் 60 செ.மீ., குழிக்குக் குழி 3 மீட்டர். மக்கிய தொழுவுரமும் கொழிஞ்சி, எருக்கு போன்ற தழையும் போட்டு மூடி, தண்ணீர் விட்டு அமரவையுங்கள். உடனே நட்டால் தழை மக்கும் சூட்டில் இளவேர் வெந்துவிடும், மண் அமுங்கும்போது கன்றும் உள்ளே இறங்கிவிடும்.

குழி மூடியதும் கல்லுக்கால் ஊன்றுங்கள். கன்று நட்ட பிறகு கல் இறக்க டிராக்டர் வந்தால் நாற்றும் போகும், குழி மண்ணும் இறுகும். 9 அடிக் கல் என்றால் 2 அடி மண்ணுக்குள், 7 அடி மேலே. ஓரக்கால்களை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து ஊன்றி, இழுகம்பி கட்டி, அதை மண்ணுக்குள் புதைத்த கல்லோடு முறுக்க வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நன்றாக விளைந்த பன்னீர்ப் பந்தல் வருடத்துக்கு ஹெக்டேருக்கு 30 டன் வரை தரும். இரண்டு போகமாகப் பிரித்தாலும் ஒரு ஏக்கர் பந்தலில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 6 டன் காய் தொங்கும். அதோடு ஈர இலையும் ஆடிக்காற்றும் சேரும். ஓரக்கால் ஒன்று சாய்ந்தால் அந்த வரிசை மொத்தமும் கூடவே இறங்கும். கம்பி மட்டும் பிறகு கட்டலாம், கொடி மேலே வர நான்கைந்து மாதம் ஆகும்.

நடவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் 2 மீட்டருக்கு ஒரு கன்று, ஏக்கருக்கு 670 கன்று வரை. நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை.

4. ஒற்றைத் தண்டு

துளிர்கள் வந்ததும் அதில் வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளுங்கள். இரண்டு தண்டு விட்டால் பந்தல் சீக்கிரம் நிரம்பும் என்று நினைப்பது வழக்கம். நடப்பது நேர்மாறு: இரண்டும் மெலிந்து, இரண்டும் தாமதமாக மேலே போகும்.

பக்கத்தில் ஊன்றிய குச்சியோடு வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு தண்டு பருக்கும்போது உள்ளே இறங்கி வெட்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று இளங்கொடியை ஒடித்துவிடும் என்பதால், ஒரு சாண் வளர்ந்ததும் ஒரு கட்டு என்று விடாமல் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

தண்டின் பக்கத் துளிர்களை மொட்டையாக வழித்துவிடாதீர்கள். இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். அந்த இலைகள்தான் தண்டுக்குச் சோறு போடுகின்றன. தண்டு பருத்த பிறகு அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

5. பந்தலில் பரப்புதல்

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள். தோட்டத்தின் அடுத்த பத்துப் பதினைந்து வருடக் காய்ப்பு இங்கேதான் தீர்மானமாகிறது.

கொடி பந்தல் கம்பியைத் தொட்டதும் நுனியைக் கம்பிக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். அதற்குக் கீழிருந்து வரும் துளிர்களில் இரண்டை மட்டும் எதிரெதிர்த் திசையில் கம்பி மேல் விடுங்கள். இவைதான் முதன்மைக் கிளைகள்.

இந்தக் கிளைகளைத் தடையில்லாமல் ஓடவிட்டால் ஒரே மாதத்தில் அடுத்த கொடியைத் தொட்டுவிடும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அப்படி ஓடிய கிளையில் நுனிப்பக்கம் மட்டும் துளிர்க்கும், நடுப்பகுதி வெறுங்கம்பாக நின்றுவிடும். அந்த வெற்றிடத்தைப் பின்னால் நிரப்புவது பெரும்பாடு. எனவே 60 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வரும். நுனியில் வரும் ஒன்றை மட்டும் முன்னே விட்டு, மற்றவற்றை இரண்டு பக்கமும் படரவிடுங்கள். மறுபடி 60 செ.மீ., மறுபடி கிள்ளல். இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால் பந்தல் நிரம்ப இரண்டு மூன்று மாதம் கூடுதலாக ஆகும், ஆனால் கிளை நெடுக இடைவெளி இல்லாமல் காய்க்கும் குச்சி கிடைக்கும்.

இந்தக் காலத்தில் அங்கங்கே பூங்கொத்து தலை காட்டும். கிள்ளி எறியுங்கள். வீட்டில் எல்லோரும், "முதல் பழம், சாமிக்குப் படைக்கலாம்" என்பார்கள். ஒன்றிரண்டு கொத்தை விடுங்கள், தோட்டம் முழுக்க விடாதீர்கள். எலும்பு முற்றாத கொடி பழத்துக்குச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டு வேருக்கு எதுவும் வைக்காது.

6. கவாத்துத் தேதி

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 40-ஆம் நாள் பூ. 120-ஆம் நாள் அறுவடை, அதற்கு முந்தைய ஒரு மாதம் பழம் நிறம் பிடித்து இனிக்கும் காலம். பூக்கும் நேரத்திலும் பழுக்கும் நேரத்திலும் மழை இருக்கக் கூடாது. கணக்கு இவ்வளவுதான்.

டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே அறுவடை. பூவும் பழமும் வெயிலில் வரும். இனிப்பும் நிறமும் இந்தப் போகத்தில்தான் முழுமை. மே முதல் ஜூன் தொடக்கத்துக்குள் வெட்டினால் ஆகஸ்டு கடைசி முதல் அக்டோபர் தொடக்கத்துக்குள் அறுவடை. பூக்கும்போது கேரளத்துச் சாரல் மலையைத் தாண்டி வரும், நோய்க்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஆனால் பழுக்கும்போது வடகிழக்கு மழை தொடங்கியிருக்காது.

சரி, சந்தைக்கு வருவோம். நம் பழத்துக்குக் கேரளம் பெரிய சந்தை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைன் போடும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வைன் ஊறிப் பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நவம்பர் தொடக்கத்திலேயே பழம் வேண்டும். அதைப் பிடிக்க ஜூலைத் தொடக்கத்தில் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் பூ ஆகஸ்டுச் சாரலிலும், பழுக்கும் மாதம் ஐப்பசி அடைமழையிலும் மாட்டும். பன்னீருக்குத் தோல் மெல்லியது. வேர் திடீரென்று குடிக்கும் தண்ணீரில் பழம் வீங்கி வெடிக்கும், வெடித்த இடத்தில் பூசணம் ஏறும். நல்ல விலை கிடைக்கும் என்று வெட்டி, பாதிப் பழத்தைக் குப்பைக்குழியில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுபவசாலிகள் தோட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் இந்தத் தேதிக்கு வெட்டுவார்கள். புதியவர்கள் முதல் சில வருடங்களுக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

இங்கே இரண்டு வருடத்தில் ஐந்து போகம் எடுப்பவர்களும் உண்டு. கணக்குப் போட்டால் போகத்துக்குப் போகம் ஒரு மாத ஓய்வுகூட மிஞ்சாது. முதிர்ந்த தோட்டம் தாங்கலாம். இளங்கொடிக்கு வருடத்துக்கு இரண்டே போதும்.

7. வெட்டும் முறை

ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு வடிந்துகொண்டே இருக்கும்.

பன்னீரில் குச்சியின் அடிக்கணுக்களிலேயே பூ இருக்கும், அதனால் நான்கு கணு விட்டு வெட்டினால் போதும். ஆனால் எல்லாக் குச்சியும் நான்குக்குத் தகுதியானது அல்ல. பென்சிலைவிட மெலிந்தது, பச்சை மாறாதது என்றால் ஒன்று அல்லது இரண்டு கணுவில் வெட்டி, அடுத்த போகத்துக்கு நல்ல குச்சி உண்டாக்க விடுங்கள். நல்ல கவாத்து ஆள் ஒவ்வொரு குச்சியையும் விரலால் உருட்டிப் பார்த்துத்தான் வெட்டுவார். "அண்ணே, இது நோஞ்சான், ரெண்டு கண்ணு போதும்" என்று அவர் சொன்னால் காய் குறையுமே என்று தடுக்காதீர்கள். மெலிந்த குச்சியில் நான்கு கணு விட்டால் நான்கும் சவலையாகத்தான் வரும்.

அந்தக் கணுக்குள் இருக்கும் பூ இன்று உண்டானதல்ல. போன போகத்தில் அந்தக் குச்சி பச்சையாக இருந்தபோது அதன் மேல் விழுந்த வெயிலில் உருவானது. பந்தல் அடர்ந்து நிழலில் முற்றிய குச்சி எவ்வளவு பருத்திருந்தாலும் இலை மட்டும்தான் தரும். காய்ப்பு இல்லையே என்று உரக்கடைக்கு ஓடும் முன், போன போகத்தில் பந்தலுக்குக் கீழே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்ததா என்று யோசியுங்கள்.

வெட்டிய குச்சிகளைத் தோட்டத்துக்குள் விடாமல் அள்ளி எரியுங்கள், பழைய நோய் அதில்தான் தங்கும். தண்டில் தளர்ந்து தொங்கும் பட்டையையும் உரித்துவிடுங்கள். மொட்டைச் சுரண்டித் தின்னும் சிறு வண்டு முட்டை வைப்பதும், மாவுப்பூச்சி ஒளிவதும் அந்தப் பட்டைக்குள்தான். பிறகு போர்டோ கலவை (செய்முறை ஒன்பதாம் பகுதியில்), தொழுவுரம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) உரத்தில் பாதி. மீதிப் பாதி 60-ஆம் நாள்.

8. துளிர் முதல் காய் பிடிக்கும் வரை

பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர்க்கும். பூங்கொத்து இல்லாத துளிர்களில் நெருக்கமானவற்றை இளசாக இருக்கும்போதே கிள்ளுங்கள். காய்த் துளிர் 12 முதல் 15 கணு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், சத்து இலைக்கு ஓடாமல் கொத்துக்குத் திரும்பும். கொடி பற்றிக்கொள்ள விடும் பச்சைச் சுருள்களையும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

பூக்கும் முன் ஒருமுறை, பத்து நாள் கழித்து மறுமுறை, போரிக் அமிலம் 0.1 சதம், துத்தநாக சல்பேட் 0.2 சதம், யூரியா 1 சதம் கலந்து இலைவழி தெளிக்கலாம். போரான் குறைந்தால் பூ கொட்டும். பூ விரிந்திருக்கும் நாள்களில் மட்டும் எந்த மருந்தும் வேண்டாம்.

9. மூன்று நோய்கள், மூன்று வானிலை

மருந்துக் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வரும் முன் நோயைப் பிரித்தறியப் பழகுங்கள்.

அடிச்சாம்பல் நோய்: இலையின் மேல்பக்கம் எண்ணெய்ப் பொட்டு, திருப்பினால் வெள்ளைப் பூசணம். இலை மணிக்கணக்காக நனைந்திருந்தால் வரும். சாரல் காலத்து நோய்.

பறவைக்கண் நோய்: இளந்துளிரில் கருகிய குழிப்புண், காயில் கண் போன்ற வட்டம். மழைத்துளி தெறித்துப் பரவும்.

சாம்பல் நோய்: இலையிலும் காயிலும் சாம்பல் தூவியது போல இருக்கும், பிஞ்சு வெடிக்கும். இதற்கு மழை தேவையில்லை. மார்கழி, தையின் குளிர்ந்த, மேகமூட்டமான, வறண்ட நாள்கள் போதும். மழை இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பிடிப்பது இதுதான்.

முதல் இரண்டுக்கும் 1 சதப் போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துவிடும். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் உள்ளே வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். இளந்தளிருக்குப் பாதிக் காரம் போதும். கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 3 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும், காலையில் முடித்துவிடுங்கள். இவற்றுக்கு அடங்காவிட்டால் பாதித்த இலையோடு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். எந்த மருந்துக்கும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள் கணக்கு உண்டு. கேரளத்தில் பழங்களில் மருந்து எச்சம் சோதிக்கிறார்கள், தவிர இந்தப் பழத்தை யாரும் தோலுரித்துத் தின்பதில்லை.

10. காய் முதல் பழம் வரை

கொத்துகளைக் கம்பிக்குக் கீழே தொங்கும்படி எடுத்துவிடுங்கள். பட்டாணி அளவில் இருக்கும்போது நெருக்கமான கொத்தில் ஐந்தில் ஒரு பங்கு காயைக் கத்தரித்து எடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் நெருங்கிய கொத்தில் உள்ளே இருக்கும் காய் பழுக்காது, ஒன்று நசுங்கினால் கொத்தே அழுகும்.

ஒரே கொத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்பது பன்னீரின் பழைய தொல்லை. காய் பிடித்த 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் 0.2 சதப் பொட்டாசியம் குளோரைடு தெளித்தால் ஓரளவு சீராகும். அதிகக் காய்ச்சுமையும் இதற்கு ஒரு காரணம் என்பதால், தெளிப்பை மட்டும் நம்பாதீர்கள்.

அறுவடைக்குப் பதினைந்து நாள் முன் தண்ணீரை நிறுத்துங்கள்.

11. அறுவடை

நிறத்தை நம்பிப் பறிக்காதீர்கள். பன்னீர் கறுத்த பிறகும் இனிப்பு ஏற இன்னும் நாள் எடுக்கும். கொத்தின் அடிநுனிப் பழம்தான் கடைசியில் பழுக்கும், அதைக் கடித்துப் பாருங்கள். சாறுக்கும் வைனுக்கும் கொடுப்பதானால் சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், 18-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. திராட்சை மாம்பழம் மாதிரி வைக்கோலில் பழுக்காது. பறித்த நிமிடத்தில் இருக்கும் இனிப்புதான் கடைசிவரை.

பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறியுங்கள். காம்பைப் பிடித்து வெட்டி, பழத்தின் மேல் படிந்த வெண்பூச்சில் கை படாமல் அடுக்குங்கள். கேரள வியாபாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

12. அடுத்த கவாத்துக்கு முன்

பழம் போனதும் தோட்டத்தை மறந்துவிடுவது பரவலான பழக்கம். இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே தண்ணீரைத் தொடங்கி, தொழுவுரம் கொடுத்து, ஒரு போர்டோ தெளிப்பும் செய்யுங்கள். இந்த இலைகள் சேர்த்து வைக்கும் மாவுச்சத்துதான் அடுத்த துளிருக்கு முதல். நோயில் இலை முன்கூட்டியே கொட்டினால், பக்கத்து மொட்டுகள் கண்ட நேரத்தில் துளிர்த்து அடுத்த போகத்தின் பூவைத் தின்றுவிடும்.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துப் பந்தலுக்குக் கீழே நடந்து, அங்கங்கே குச்சிகளை ஒடித்துப் பாருங்கள். பட்டை பழுப்பாகி, உள்ளே நடுத்தண்டும் பழுப்பேறியிருந்தால் முற்றிவிட்டது. தோட்டத்தில் முக்கால்வாசிக் குச்சி அப்படி ஆனதும் தண்ணீரை நிறுத்தி, ஆறாம் பகுதியில் சொன்ன மழைக் கணக்கை மறுபடி போட்டு, தேதி ஒத்து வந்தால் ஒரு வாரத்தில் வெட்டலாம். ஒத்து வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்தாலும் கொடிக்கு ஒன்றும் ஆகாது.